சட்டச் சொற்கள் – 9: உறுதி ஆருட பேரில?

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் ஒரு குமர் காரியம் பேச்சுக்கு வந்தால், மஹரை முந்திக்கொண்டு வருவது வீட்டுக் கதைதான். "வீட்டு வேல முடிஞ்சிட்டா? உறுதி ஆருட பேரில?" என்று மாப்பிள்ளை வீட்டார் விசாரிப்பார்கள். நிக்காஹ் முடிந்தபின் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டில் போய்க் குடியிருப்பது இந்தக் கரையின் வழக்கம். அந்த வீட்டைக் கட்டி முடிக்கவே வாப்பாமார் வயலிலும் கடலிலும் மத்திய கிழக்கிலும் பாடுபடுகிறார்கள். அக்கரைப்பற்றை ஆராய்ந்து மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008ல் வெளியிட்ட நூல், இந்தத் தாய்வழிக் குடிமுறையையும் சீதன வீட்டையும் விரிவாகப் பேசுகிறது.

காணி, வீடு விஷயத்தில் வாய்ச்சொல் செல்லாது. விற்றாலும் கொடுத்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு ஒப்பமிட வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்வது இது. மகளுக்கு வீடு கொடுக்கும்போது எழுதப்படுவது பெரும்பாலும் நன்கொடை உறுதி.

இங்கேதான் கவனம் வேண்டும். முஸ்லிம் ஒருவர் எழுதும் நன்கொடைக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வழியுரிமைக் கட்டளைச் சட்டம் தனி விதி வைத்திருக்கிறது. அதன் 3ஆம் பிரிவின்படி, மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே எழுதியிருந்தால் ஒழிய, அந்த நன்கொடை மீளப்பெற முடியாததாகக் கொள்ளப்படாது. கொடுப்பவர் கண் கலங்கிக் கொடுத்தாரா, ஊரைக் கூட்டிக் கொடுத்தாரா என்பதெல்லாம் அந்த இடத்தில் உதவாது. அந்த வாசகம் தாளில் இருக்கிறதா என்பதே கேள்வி.

அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. உறுதிப் பத்திரத்தைப் பெறுபவரின் கையில் கொடுத்துவிட்டால், சொத்தின் உடைமையையே ஒப்படைத்ததற்கு அது சான்றாகும். ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? மகளுக்கு எழுதிய உறுதி வாப்பாவின் அலுமாரியிலேயே, பழைய வரிப் பற்றுச்சீட்டுகளோடு கிடக்கும். நல்லெண்ணத்தில்தான் வைத்திருப்பார். பின்னால் மகன்மார் வழக்குக்கு வந்தால், எளிதாகக் காட்டியிருக்கக்கூடிய சான்று மகளிடம் இருக்காது. ஆகவே உறுதி முடிந்த அன்றே அதை மகளின் கையில் கொடுத்துவிடுவது நல்லது. பெற்றோர் சீவிய உரித்தைத் தங்களுக்கு ஒதுக்கிக்கொண்டு எழுதினால், அந்த நன்கொடை இந்தப் பிரிவுக்குள் அடங்காது. அதை நொத்தாரிசிடம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி, கைக்கூலி. ஊர்ப் பேச்சில் அது மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் காசு. அவர் கடை போடுவார், மோட்டார் சைக்கிள் வாங்குவார், தங்கச்சியின் வீட்டுக்கு ஓடு போடுவார். யாரும் கணக்குக் கேட்பதில்லை. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் பொருள்கோடல் பிரிவைத் திறந்தால் வேறு கதை. விவாகத்துக்கு முன்போ விவாகத்தின்போதோ பெண்ணின் உறவினரோ வேறொருவரோ மாப்பிள்ளையிடம் கொடுக்கும், அல்லது கொடுப்பதாக வாக்களிக்கும் பணமும் அசையும் பொருளுமே கைக்கூலி. அது மணமகளின் பயனுக்கானது. காசு அவர் கையில் இருக்கலாம், உரிமை அவளுடையது. திருப்பிக் கேட்டுக் காதி நீதிமன்றத்துக்குப் போக அவளுக்கு வழியுண்டு. அங்கே சட்டத்தரணி தோன்ற முடியாது என்பதால், எவ்வளவு கொடுத்தோம், எப்போது கொடுத்தோம் என்பதை அவளே எடுத்துச் சொல்ல வேண்டும். கையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தாலும் பெரிய துணை. மாப்பிள்ளை வீட்டாரிடம் எழுதி வாங்குவது மரியாதைக் குறைவு என்று பெரியவர்கள் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கத்தின் விலையை மகள்தான் கொடுக்கிறாள்.

சட்டத்தில் வரைவிலக்கணமே இல்லாத ஒரு சொல்லும் இந்தக் கரைப் பெண்களின் சொத்தில் கைவைத்தது: குடும்பத் தலைவர்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கல்முனைக் கரையில் இடிந்த வீடுகளில் பல, பெண்களின் பேரில் இருந்த சீதன வீடுகள். கடலோரத்தில் திரும்பக் கட்டத் தடை வந்தது. கிழக்கில் முதலில் 200 மீற்றர் என்றார்கள், பிறகு குறைத்தார்கள். மருதமுனையில் எழுந்த ஒரு குடியிருப்பை இன்றும் 65 மீற்றர் வீட்டுத்திட்டம் என்றே சொல்கிறார்கள். மாற்று வீட்டுக்கான படிவங்களில் குடும்பத் தலைவர் பெயர் கேட்கப்பட்டது. கணவன் உயிரோடு இருந்தால் அவர் பெயர்தான் எழுதப்பட்டது. உம்மா கொடுத்த வளவைக் கடலுக்குப் பறிகொடுத்தவள், புதிய வீட்டில் கணவனின் பேரில் குடியேறினாள். பிற்பாடு அவர் அதை விற்கவோ ஈடு வைக்கவோ நினைத்தால், மறுத்து நிற்க அவள் கையில் உறுதி இல்லை.

நிர்வாக நடைமுறையில் இந்தச் சொல்லையே கைவிட வேண்டும் என்று 2011ல் பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு இலங்கையைக் கேட்டுக்கொண்டது. அரச காணியில் இன்னொரு தடையும் இருந்தது. உரித்தாளி நியமிக்கப்படாத பெர்மிட் காணிக்கு, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் அட்டவணை மகளுக்கு முன்னால் மகனை நிறுத்தியது. அது 2022ல்தான் திருத்தப்பட்டது. அதற்கு முன்பு கைமாறிய வயல்களைப் பற்றியும், உரித்தாளியைப் பிரதேச செயலகத்தில் பதிவது பற்றியும் அடுத்த வாரம்.