நாலு மணிக்குப் பாடியாகணும்!

நான்கு திருகாணி, ஓர் அட்டைப் பலகை, அவ்வளவுதான். கழற்றியதும் ஒரு தலைமுறைத் தூசி மொத்தமாக முகத்துக்கு வருகிறது. கரப்பான் இறகு, பல்லி முட்டை ஓடு, எலி கடித்துப் போட்ட காகிதச் சுருள், எந்தப் பேரப்பிள்ளை எப்போது போட்டதோ தெரியாத ஒரு கோலிக்குண்டு. ரேடியோ பழுதுபார்க்கும் மிஸ்திரி தும்மக்கூட இல்லை. பெயின்ட் பிரஷ்ஷால் நிதானமாகத் தட்டிக்கொண்டிருக்கிறார். எனக்குத்தான் கால் தரையில் நிற்கவில்லை. கண்ணாடிக் குப்பிகள்! பச்சைப் பட்டு நூல் சுற்றிய தாமிரச் சுருள்கள்! வெயிலில் வைத்த மெழுகுவர்த்தி மாதிரி வழிந்து உறைந்த கண்டென்சர்கள்! சிறுவயதில் வீட்டு ரேடியோவின் பின்பக்கம் போனால் முதுகில் ஒன்று விழும். இப்போது யாரும் அடிக்கப்போவதில்லை. தலையை உள்ளேயே விட்டுப் பார்க்கலாம்.

இடம் வடக்குக் கொல்கத்தாவின் குமார்டுலி. துர்க்கா பூஜைக்கு முந்தைய வாரங்கள். சந்தின் இரு பக்கமும் வைக்கோலும் களிமண்ணுமாகத் தலையில்லாத துர்க்கைகள். நடுவே ஒடுங்கிய கடையில் தரையிலிருந்து கூரைவரை ரேடியோக்கள். மர்பி, பிலிப்ஸ், புஷ், ஜி.இ.சி., எச்.எம்.வி., நேஷனல் எக்கோ. ஒவ்வொன்றின் தலையிலும் சாக்பீஸில் உரிமையாளர் பெயர் இருக்கிறது. என்றைக்குத் தர வேண்டும் என்று மட்டும் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? எல்லாவற்றுக்கும் ஒரே நாள், ஒரே மணி. மகாளய அமாவாசை, விடிகாலை 4.

நமக்கு அது எள்ளும் தண்ணீரும் இறைக்கும் நாள். வங்காளிகளும் ஹூக்ளிப் படித்துறைகளில் இறங்கித் தர்ப்பணம் செய்கிறார்கள். ஆனால் அதற்கு முன்பே இருட்டில் எழுந்து ரேடியோவைத் திருகிவிடுவார்கள். ‘மகிஷாசுரமர்தினி’ ஒலிபரப்பாகும். பாணி குமார் எழுதி, பங்கஜ் குமார் மல்லிக் இசையமைத்து, பீரேந்திர கிருஷ்ண பத்ரா சண்டி பாராயணம் செய்த ஒன்றரை மணி நேர நிகழ்ச்சி. 1930-களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது, பல ஆண்டுகள் நேரலையாகவே போனது, பிறகு ஒலிப்பதிவானது. இன்று கைபேசியில் எந்த நேரமும் கேட்கலாம். கேட்கலாம்தான்! நாம்கூட மார்கழி விடிகாலையில் வானொலித் திருப்பாவை கேட்டு வளர்ந்தவர்கள். ஒரு நாள் தூங்கிப் போனால் அடுத்த பாசுரம் நாளைக்கு இருந்தது. இங்கே அந்தச் சலுகை இல்லை. நாலு மணிக்கு ரேடியோ வாயைத் திறக்காவிட்டால் அடுத்த வாய்ப்பு அடுத்த வருடம்தான். வருடத்தில் 364 நாள் பரண்மேல் கிடந்த பெட்டிக்கு மறுநாள் ஒரே தேர்வு. பாடமெல்லாம் இந்தக் கடையில்.

முதல் விதி: வந்த ரேடியோவை நேராக பிளக்கில் சொருகவே கூடாது. ‘இத்தனை வருஷம் ஆச்சே, பாடுதான்னு பார்த்துட்டுக் கொண்டுவந்தேன்’ என்று ஒருவர் பெருமையாகச் சொன்னதும் மிஸ்திரியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மேசையில் பழைய நூறு வாட் குண்டு பல்பு ஒன்று இருக்கிறது. மின்சாரம் அந்த பல்பின் வழியாகத்தான் ரேடியோவுக்குள் போகும். சீரீஸ் பல்பு. உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசத்தோடு எரிந்து கோள் மூட்டிவிடும்; டிரான்ஸ்ஃபார்மர் புகையாமல் தப்பிக்கும். கோளாறு இல்லையென்றால் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கும். அந்த மங்கலுக்காக மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். மங்குகிறது. நான் கைதட்டிவிட்டேன். கடைப்பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

கொல்கத்தாவில் இன்னொரு வில்லங்கம். 1899-இல் இமாம்பாக் சந்தில் மின்நிலையம் தொடங்கிய நாளிலிருந்தே இந்த நகரத்தின் மின்சாரம் டிசியாகத்தான் இருந்தது. மற்ற ஊர்கள் ஏசிக்கு மாறிய பிறகும் இங்கே பழைய பகுதிகள் பலவற்றில் டிசி வெகுகாலம் விடாப்பிடியாக இருந்தது. டிசியில் டிரான்ஸ்ஃபார்மர் வேலை செய்யாது. ஆகவே ஏசி, டிசி இரண்டிலும் ஓடும் ரேடியோக்கள் இங்கே ஏகப்பட்டவை விற்றன. அவற்றில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. கண்ணாடிக் குப்பிகளான வால்வுகளின் இழைகள் வரிசையாகக் கோக்கப்பட்டு, மின்கம்பியோடு நேரே இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் முழுக்க ஷாக்! அதனால்தான் மிஸ்திரி மரப்பலகைமேல் நிற்கிறார், இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு வலது கையால் மட்டும் சோதிக்கிறார். ஒரு கையால் தொட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாக மறு கைக்குப் போகாது. ஸ்டைலுக்கு நிற்கிறார் என்று நினைத்திருந்தேன்.

இனி கண்டென்சர். பழைய ரேடியோ கெடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். காகிதத்தையும் உலோகத் தாளையும் சுருட்டி மெழுகில் தோய்த்த உருளை. நம் கடலோர ஈரமும் வங்காளத்து ஈரமும் அதற்கு ஆகவே ஆகாது. மெள்ளக் கசிய ஆரம்பிக்கும். கடைசி வால்வுக்கு முன்னால் இருக்கும் ஒரே ஒரு கண்டென்சர் கசிந்தால் போதும், போகக் கூடாத வோல்டேஜ் அந்த வால்வின் கிரிட்டுக்குப் போய், வால்வு சூடேறி, பாட்டு கரகரத்து, கடைசியில் வால்வே போய்விடும். பெரிய எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் காய்ந்துபோனால் ‘ம்ம்ம்’ என்று ஓயாத ஹம். மாற்றுவது சுலபம், இன்றைய கண்டென்சர் கட்டைவிரல் நகத்தளவுதான். ஆனால் கெட்டிக்கார மிஸ்திரி அப்படியே பற்றவைத்துவிட்டுப் போவதில்லை. பழைய உருளையைச் சூடாக்கி உள்ளிருப்பதை உருவி எடுக்கிறார், புதியதை அதற்குள் நுழைக்கிறார், இரு முனையையும் மெழுகால் மூடுகிறார். வெளியே பார்த்தால் 1950-களின் பெயர், நிறம், அழுக்கு எல்லாம் அப்படியே! பின்பலகையை மூடினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பிறகு எதற்கு இந்த மெனக்கெடல் என்று கேட்டால், அடுத்து திறக்கும் மிஸ்திரி பார்ப்பாரே என்கிறார்.

வால்வுகளுக்குச் சோதனைக் கருவி உண்டு. அதற்கு முன் கண்ணாலேயே ஒரு சோதனை. குப்பியின் உச்சியில் உள்பக்கமாக வெள்ளிப் பூச்சு மின்னினால் உயிர் இருக்கலாம். அது பால்போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, ஆள் போயாச்சு. மாற்று வால்வு எங்கே கிடைக்கும்? சாந்தினி சவுக் சந்தையிலும் மதன் தெருவிலும் அலைய வேண்டும். நம் ரிச்சி தெருவுக்குப் பங்காளி என்று சொல்லலாம். சில நாள் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் முத்திரையோடு, பெட்டி பிரிக்காத வால்வு கையில் கிடைத்துவிடும். அன்றைக்குக் கடையில் எல்லோருக்கும் மண்குவளையில் டீ.

துடைப்பதில்தான் உண்மையான கைத்திறன் இருக்கிறது என்பேன். அதாவது, எதைத் துடைக்கக் கூடாது என்று தெரிவதில். முகப்புக் கண்ணாடியைப் பாருங்கள். லண்டன், மாஸ்கோ, பீகிங், சைகோன், கொழும்பு, மெட்ராஸ், கல்கத்தா. உலகமே பொன்னெழுத்தில் வரிசையாக நிற்கிறது. அந்த எழுத்துகள் கண்ணாடியின் உள்பக்கத்தில் பூசப்பட்டவை. ஆர்வக்கோளாறில் ஈரத்துணியால் ஒரு இழு இழுத்தால் மாஸ்கோ துணியோடு வந்துவிடும். முன்பக்கத்தை மட்டும் துடைக்கலாம். உள்பக்கத்துக்கு மென்மையான பிரஷ், அதுவும் தொட்டும் தொடாமலும். ஒரு பெட்டியில் பாதி ஐரோப்பா காணோம். வீட்டில் யாரோ தீபாவளிக்குச் சுத்தம் செய்தார்களாம்.

உலகின் மறுகோடியிலும் இதே பயம் உண்டு. சிகாகோவில் செய்த பழைய பின்பால் மெஷின்களை வாங்கிப் புதுப்பிக்கும் பைத்தியங்கள் இருக்கிறார்கள். ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால் இரும்புக் குண்டு மேலேறி, மணிகளிலும் விளக்குகளிலும் முட்டி மோதி இறங்குமே, அந்த மெஷின். 1947-இல் காட்லீப் நிறுவனத்தின் ‘ஹம்ப்டி டம்ப்டி’யில்தான் குண்டைத் தட்டிவிடும் துடுப்புகள் முதலில் வந்தன. அதன் தலைப்பகுதிக் கண்ணாடியிலும் படம் பின்பக்கம்தான். அதையும் ஈரத்தால் துடைத்தால் பெயர்ந்து விழும். கருத்த தொடுமுனைகள், எரிந்த காயில்கள், அணைந்த குட்டி பல்புகள் என்று அவர்களது மேசையும் இந்த மேசையும் ஒன்றுதான். நியூயார்க்கில் பின்பாலைச் சூதாட்டம் என்று சொல்லி 1940-களில் தடை செய்திருந்தார்கள். ரோஜர் ஷார்ப் என்பவர் நகர மன்றத்தார் முன்னால் குண்டு எந்த வழியாகப் போகும் என்று சொல்லி, சொன்ன வழியிலேயே விட்டுக் காட்டிய பிறகு தடை நீங்கியது. அது 1976.

அதே 1976! கொல்கத்தா வானொலியில் யாருக்கோ விபரீத யோசனை வந்தது. பத்ராவை நிறுத்திவிட்டு, வங்காள சினிமாவின் மகாநாயகன் உத்தம் குமாரை வைத்து, ஹேமந்த முகர்ஜி இசையில் புது நிகழ்ச்சியை மகாளயத்தன்று ஒலிபரப்பினார்கள். உத்தம் குமாருக்காகத் தியேட்டர் வாசலில் உயிரை விடும் ஊர் அது. விடிவதற்குள் கொந்தளித்துவிட்டது. வானொலி இறங்கிவந்து, அதே ஆண்டு சஷ்டியன்று பத்ராவின் நிகழ்ச்சியை மறுபடி ஒலிபரப்பியது. 2019-இல் இந்தக் கதையை ‘மகாளயா’ என்று படமாகவே எடுத்தார்கள். இப்போது புரிகிறதா, கடையில் ஏன் இத்தனை கெடுபிடி என்று? குரலை மாற்றினால்கூடப் பொறுக்காதவர்கள் கரகரப்பைப் பொறுப்பார்களா!

டயல் நூலுக்கு வருவோம். எனக்கு இதுதான் உச்சம். குமிழைத் திருப்பினால் முள் நகர்கிறதே, அதற்குப் பின்னால் ஒரே நூல் பெரிய சக்கரத்தைச் சுற்றி, கப்பிகள் வழியாக ஏறி இறங்கி, ஒரு சிறு ஸ்பிரிங்கில் முடிகிறது. எங்கே எத்தனை சுற்று, எந்தத் திசையில் என்பது ஒவ்வொரு மாடலுக்கும் வேறு. ஒரு சுற்றுத் தப்பினால் முள் எதிர்த்திசையில் ஓடும். இரண்டு கைக்கும் பல்லுக்கும் வேலை. ‘காக்கு (சித்தப்பா), விட்டுடாதீங்க!’ என்று கடைப்பையன் கத்த, கடைசிக் கப்பியில் நூல் நழுவி, எல்லாம் சுருண்டு கீழே. மறுபடி முதலிலிருந்து. மிஸ்திரி ஒரு வசவுகூடச் சொல்லவில்லை. பையன் இருவருக்கும் சேர்த்துச் சொன்னான்.

பெட்டிக்கு மெருகு போடுவதைப் பற்றி நீட்ட மாட்டேன். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, பஞ்சை வைத்து முடிந்த துணி, வட்ட வட்டமாக மெல்லிய பூச்சுகள். அரக்கு பக்கத்தூர்ச் சரக்குதான்; புருலியா மாவட்டத்தின் பலராம்பூரும் ஜால்தாவும் அதற்குப் பேர்போனவை. ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு கிழிந்திருந்தால் மெல்லிய காகித ஒட்டு. வால்யூம் குமிழைத் திருகும்போது கரகரத்தால் கிளீனர் ஒரு சொட்டு.

பிறகு அந்தக் கணம். சீரீஸ் பல்பை விலக்கி நேரடி மின்சாரம். வால்வுகள் உடனே பேசாது; சூடேற அரை நிமிடமாவது வேண்டும். இழைகள் செம்மஞ்சளாகச் சிவக்கின்றன, டயல் விளக்கு எரிகிறது, ஒரு பிலிப்ஸின் நெற்றியில் பச்சைக் கண் மெதுவாகத் திறக்கிறது. நிலையம் சரியாக அமைந்தால் அந்தக் கண்ணின் நிழல் குறுகும், அமையாவிட்டால் அகலும். கொல்கத்தா ‘ஏ’ 657 கிலோஹெர்ட்ஸ்; பழைய டயல்களில் மீட்டர் கணக்கு என்பதால் 456 பக்கத்தில் தேட வேண்டும். ‘கொர்ர்ர்’, ‘உய்ங்ங்’, ஏதோ வேளாண் செய்தி. பயிர்ப் பாதுகாப்பு பற்றிய அறிவிப்புக்கு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே கிடையாது. 1895-இல் இதே ஊரின் டவுன் ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ் கம்பியில்லாமல் சுவர் தாண்டி அலையை அனுப்பி மணியடித்துக் காட்டினாராம். கூட்டம் எப்படிக் குதித்திருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும்.

மகாளயத்துக்கு முந்தைய நாட்களில் கடைவாசலில் திருவிழாக் கூட்டம். பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறுபவர்களிடமெல்லாம் மிஸ்திரி ஒரே பாடத்தை ஒப்பிக்கச் சொல்கிறார். மூன்றரைக்கே போட்டு விடணும், சூடேறட்டும். ஏரியல் கம்பியை மொட்டைமாடிக்குக் கொண்டுபோகணும். வீட்டில் எல்இடி பல்பு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைக்கணும். மீடியம் வேவில் கேட்கும் இரைச்சலில் பாதி அவற்றின் வேலை. ஒரு பெரியவர் பக்கத்து வீட்டு சார்ஜருக்கு என்ன செய்வது என்று கேட்டார். அவரையும் பாட்டு கேட்கக் கூப்பிட்டுவிடச் சொன்னார் மிஸ்திரி.

அந்த நெரிசலுக்குள் ஓர் இளைஞர் பாட்டியின் மர்பியைக் கட்டிப்பிடித்தபடி நுழைந்து, இதில் புளூடூத் வைத்துத் தர முடியுமா என்று கேட்டார். கடை ஒரு நொடி அமைதியானது. முடியும் என்றார் மிஸ்திரி, தலை நிமிராமல். எப்போது கிடைக்கும் என்றார் இளைஞர். பூஜை முடியட்டும், காளி பூஜையும் முடியட்டும், குளிர்காலம் போகட்டும், அப்புறம் வந்து ஞாபகப்படுத்து என்றார். பையன் அதற்குள் மர்பியைப் பிடுங்கிப் பின்பலகையைக் கழற்ற ஆரம்பித்திருந்தான். நாலு மணிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.