உங்களுக்குத் தெரியுமா? உவர்நீர்மேல் மிதக்கும் கற்பிட்டிக் கிணறுகள்

ஒரு பக்கம் இந்துப் பெருங்கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. நடுவே ஆறே இல்லாத மணல்நிலம். ஆனாலும் இலங்கையின் கற்பிட்டிக் குடாநாட்டில் சில அடி தோண்டினாலே நல்ல தண்ணீர்!

மணலுக்குள் இறங்கும் மழைநீர், கனமான உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. வெங்காயமும் மிளகாயும் விளைவது இந்தத் தண்ணீரில்தான்.

கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடி இருக்கும் என்பது நிலத்தடி நீரியல் கணக்கு. மேலே 1 அங்குலம் வற்றினால், அடியிலிருந்து உவர்நீர் காலப்போக்கில் 40 அங்குலம்வரை ஏறக்கூடும். வடகீழ்ப் பருவமழை பொய்த்தாலும், கடல்மட்டம் உயர்ந்தாலும், மோட்டார் மிதமிஞ்சி இறைத்தாலும் ஆபத்து அதனால்தான்.

தோட்டத்துக்கு இடும் யூரியாவின் நைட்ரேட்டும் மணல்வழியே கிணற்றுக்கு வந்துவிடுகிறது. குடிநீருக்கான உலக சுகாதார நிறுவன எல்லை லீட்டருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணறுகள் இங்கே ஆய்வுகளில் பதிவாகியுள்ளன.