நேரத்தை மறந்த கணிப்பொறி

கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்த ஜூன் மாதம். பெண்ணாடத்தை அடுத்த ஒரு பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றும் நண்பர் என்னைத் தேடி வந்தார்.

"சார், எங்கள் ஆய்வகத்தில் இருப்பது பத்துக் கணிப்பொறி. லீவு முடிந்து போட்டுப் பார்த்தால் ஆறு ஓடவில்லை. பார்க்க வந்தவர், பயாஸ் போய்விட்டது, போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார். இந்தப் பழைய போர்டு இனி எங்கே கிடைக்கும்? ஆறையும் பழைய சாமானுக்குப் போட வேண்டியதுதானா?"

கவலை நியாயமானது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் செய்முறைப் பயிற்சி செய்ய வேண்டும். வீட்டில் கணிப்பொறி உள்ளவர்கள் அவர்களுள் மிகச் சிலரே. மறுநாள் ஒரு திருப்புளி, ஒரு மல்டிமீட்டர், பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பர் ஒன்று ஆகியவற்றுடன் அங்கே சென்றேன். ஆறு கணிப்பொறிகளில் உண்மையாகவே பயாஸ் கெட்டிருந்தவை எத்தனை என்பதைக் கட்டுரையின் முடிவில் கூறுகிறேன். அதற்கு முன் பயாஸ் என்பது யாது, அது எப்போது கெடும், எப்போது கெட்டதுபோல் தோன்றும் என்பதைக் காண்போம்.

பயாஸ் என்பது யாது?

பள்ளியில் எல்லோருக்கும் முன்னதாக வருபவர் காவலர். அவர் வாயிலைத் திறப்பார், அறைகளைத் திறப்பார், எல்லாம் சரியாக உள்ளனவா என்று ஒரு சுற்றுச் சுற்றி வருவார். அதன் பின்னரே தலைமையாசிரியர் வந்து பொறுப்பேற்பார். கணிப்பொறியில் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயக்க முறைமையைத் தலைமையாசிரியர் எனக் கொண்டால், காவலர் செய்யும் வேலையைச் செய்வது பயாஸ். 'பேசிக் இன்புட் அவுட்புட் சிஸ்டம்' என்பதன் சுருக்கமே பயாஸ். 1970-களின் நடுவில் அமெரிக்கரான கேரி கில்டால் தம்முடைய சி.பி.எம். என்ற இயக்க முறைமையின் ஒரு பகுதிக்கு இப்பெயரைச் சூட்டினார்.

பயாஸ் என்பது ஓர் ஆணைத்தொடர். அது தாய்ப்பலகையிலுள்ள ஒரு சிறு சில்லில் எழுதப்பட்டிருக்கும். மின்சாரம் வந்தவுடன் பிராசசர் என்னும் மையச் செயலகத்திற்கு எதுவுமே தெரியாது. ஒரு குறிப்பிட்ட முகவரியில் உள்ள ஆணையை எடுத்துச் செய் என்பது மட்டும் அதன் அமைப்பிலேயே உள்ளது. அந்த முகவரியில் காத்திருப்பது பயாஸ். 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் பர்சனல் கம்ப்யூட்டரில் பயாஸின் அளவு 8 கிலோபைட் மட்டுமே. இந்தக் கட்டுரையைக் கணிப்பொறியில் தட்டெழுதிச் சேமித்தால் அதைவிட அதிக இடம் பிடிக்கும்!

பயாஸ் முதலில் தற்சோதனை நடத்துகிறது. நினைவகம் உள்ளதா, திரைக்கான சுற்று உள்ளதா, விசைப்பலகை உள்ளதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. எல்லாம் சரியெனில் வன்தட்டிலிருந்து இயக்க முறைமையை ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

நிரந்தரமும் தற்காலிகமும்

இங்கேதான் பலருக்கும் ஒரு குழப்பம் நேர்கிறது. காவலருக்கு வேலை தெரியும். அது அவர் மறக்கக்கூடியதன்று. ஆனால் 'இன்று முதலில் எந்த அறையைத் திறப்பது' போன்ற செய்திகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். சீட்டுத் தொலைந்தால் காவலர் தடுமாறுவார். அதற்காகக் காவலரையே மாற்றிவிட மாட்டோம்.

பயாஸ் ஆணைத்தொடர் உள்ள சில்லுக்கு மின்சாரம் இல்லாவிட்டாலும் நினைவு அழியாது. ஆனால் தேதி, நேரம், எந்தத் தட்டிலிருந்து தொடங்குவது, வன்தட்டு எந்த முறையில் இணைந்துள்ளது போன்ற குறிப்புகள் சீமாஸ் நினைவகம் எனப்படும் வேறோர் இடத்தில் உள்ளன. இதற்கு ஓயாமல் மின்சாரம் வேண்டும். 1984-இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. கணிப்பொறியில் இதற்கென மோட்டரோலா நிறுவனத்தின் கடிகாரச் சில்லு ஒன்று இருந்தது. அதில் இருந்த இடம் 64 பைட். அவற்றுள் 14 கடிகாரத்திற்கு. எஞ்சிய 50 குறிப்புகளுக்கு. அன்று வகுத்த இந்த ஏற்பாடே பிற்காலப் பலகைகளிலும் தொடர்ந்து வந்துள்ளது.

சீமாஸ் சுற்றில் டிரான்சிஸ்டர்கள் இரட்டை இரட்டையாக அமைந்துள்ளன. ஒன்று திறந்திருக்கும்போது மற்றது மூடியிருக்கும். ஆகவே நிலை மாறும் அந்தக் கணத்தில் தவிர மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை. இச்சிக்கனத்தால்தான் ஒரு சிறு மின்கலம் ஆண்டுக்கணக்கில் இதனைக் காக்க முடிகிறது.

பழைய ஒரு ரூபாய் நாணயத்தைப் போல் தாய்ப்பலகையில் பதிந்துள்ள சி.ஆர். 2032 என்னும் லித்தியம் மின்கலம்தான் அது. இந்த எண்ணே அதன் அளவைச் சொல்கிறது: விட்டம் 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர். மின்னழுத்தம் 3 வோல்ட். கொள்திறன் சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி. கடிகாரமும் நினைவகமும் சேர்ந்து 5 மைக்ரோஆம்பியர் எடுப்பதாகக் கொள்வோம். 220 மில்லிஆம்பியர்-மணியை 5 மைக்ரோஆம்பியரால் வகுத்தால் 44,000 மணி; அதாவது சுமார் 5 ஆண்டு.

இக்கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. கணிப்பொறியை நிறுத்திய பின்னரும், சுவரிலுள்ள சுவிட்ச் போட்டிருக்கும் வரை, பெட்டியிலுள்ள மின்வழங்கி 5 வோல்ட் மின்சாரத்தைப் பலகைக்குச் சிறிதளவு தந்துகொண்டே இருக்கும். அவ்வேளையில் மின்கலத்திற்கு வேலை இல்லை. பள்ளி ஆய்வகத்திலோ மாலையானால் மெயின் சுவிட்சையே நிறுத்திவிடுகிறோம். அது சரியான பாதுகாப்பே. ஆனால் இரவுகளிலும் விடுமுறை நாட்களிலும் முழுச் சுமையும் மின்கலத்தின் மீது விழுகிறது. எங்கள் பகுதியின் சித்திரை வெயிலில் பூட்டிய அறைக்குள் வெப்பம் ஏற ஏற மின்கலம் தானாகவே இறங்குவதும் சற்று விரைவுபடும். ஒரே நாளில் வாங்கிய கணிப்பொறிகள் ஒரே விடுமுறையில் 'செத்துப்போவது' இதனால்தான்.

கடிகாரமும் கூட்டுத்தொகையும்

மின்கலம் இறங்கியதற்கு முதல் அறிகுறி கடிகாரம். தாய்ப்பலகையில் அரிசியைவிடச் சற்றுப் பெரிய ஓர் உலோக உருளை இருக்கும். அதனுள் குவார்ட்ஸ் படிகம் உள்ளது. அது நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த எண்? இரண்டை 15 முறை பெருக்கினால் 32,768. எனவே அதிர்வை 15 முறை பாதி பாதியாகக் குறைத்தால் சரியாக நொடிக்கு ஒரு துடிப்புக் கிடைக்கும். நம் கைக்கடிகாரத்தில் உள்ளதும் இதே படிகம்தான். மின்சாரம் நின்றால் துடிப்பு நிற்கும்; தேதி பழைய ஆண்டு ஒன்றின் ஜனவரி முதல் நாளுக்குத் திரும்பிவிடும். நண்பரின் பள்ளியில் ஒரு கணிப்பொறி 2002-ஆம் ஆண்டைக் காட்டியது.

தேதி தவறினால் என்ன என்று எண்ண வேண்டாம். பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றும் தன் அடையாளத்திற்கு ஒரு சான்றிதழ் காட்டுகிறது. அது இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும் என்ற வரையறை உடையது. கணிப்பொறி தான் 2002-இல் இருப்பதாக நம்பினால், சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை! ஆகவே தளம் திறவாது. 'நெட் வரவில்லை' என்று இணைப்பைக் குறை கூறுவோம். பிழையோ நாணயம் அளவு மின்கலத்தில்.

அடுத்த அறிகுறி, திரையில் தோன்றும் 'சீமாஸ் செக்சம் எரர்' என்ற வாசகம். செக்சம் என்பது சரிபார்ப்புக் கூட்டுத்தொகை. மளிகைக் கடைக்காரர் பட்டியலின் அடியில் மொத்தம் போடுகிறார். வீட்டுக்கு வந்து நாம் கூட்டிப் பார்க்கிறோம். இரண்டும் ஒவ்வாவிடில் எங்கோ ஓர் எண் மாறிவிட்டது என்று பொருள். அவ்வாறே பயாஸ் தன் குறிப்பு எண்களைக் கூட்டி, முன்பு எழுதி வைத்த தொகையுடன் ஒப்பிடுகிறது. ஒவ்வாவிடில் அந்தக் குறிப்புகளை நம்பாமல், ஆலையில் எழுதப்பட்ட பொதுக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு, 'எஃப்1 விசையை அழுத்துக' என்று கேட்டு நிற்கிறது. பயாஸ் கெட்டிருந்தால் இந்த வாசகத்தை எழுதுவது யார்? வாசகம் வருவதே பயாஸ் நலமாக உள்ளது என்பதற்குச் சான்று.

மாற்றும் முறை

முதலில் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட வேண்டும். உலர்ந்த காலத்தில் நம் உடலில் சேரும் நிலைமின்னூட்டம் சில்லுகளைத் துளைத்துவிடக் கூடும். தொடும்போது நம் உடலும் பெட்டியும் சம மின்னழுத்தம் அடைகின்றன. பிறகு மின்கலத்தைப் பற்றியுள்ள சிறு கொக்கியைத் தள்ளினால் அது மேலெழும்பும். புதிய மின்கலம் மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும். 2.7-க்குக் கீழ் எனில் மாற்றிவிடுவதே நன்று. கூட்டல் குறி மேற்புறம் இருக்குமாறு புதியதைப் பதிக்கவும். விருத்தாசலம் கடைத்தெருவில் ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்குள் இது கிடைத்துவிடும்.

மாற்றியவுடன் வேலை முடிந்ததென்று எண்ணக் கூடாது. பயாஸ் அமைப்புத் திரைக்குச் சென்று தேதியையும் நேரத்தையும் திருத்த வேண்டும். வன்தட்டு முதலில் தொடங்குமாறு வரிசை உள்ளதா எனப் பார்க்க வேண்டும். வன்தட்டின் இணைப்பு முறை ஐ.டி.இ., ஏ.எச்.சி.ஐ. என இரண்டு வகைப்படும். விண்டோஸை நிறுவியபோது ஒரு முறையும், பொதுக் குறிப்பில் மற்றொரு முறையும் இருந்தால், விண்டோஸ் பாதியில் நீலத்திரை காட்டி நின்றுவிடும். பலர் இந்தக் கட்டத்தில் வன்தட்டும் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகின்றனர். முறையை மற்றதற்கு மாற்றினாலே போதும்.

பீப் ஒலியும் மௌனமும்

திரையில் எதுவும் வராமல் ஒலி மட்டும் கேட்டால் அதுவும் நற்செய்தியே. திரை கிடைக்காத நிலையில் பயாஸ் ஒலியால் பேசுகிறது. ஏ.எம்.ஐ., அவார்டு, பீனிக்ஸ் என்று பயாஸ் எழுதிய நிறுவனத்திற்கேற்ப இம்மொழி மாறும். அவார்டு பயாஸில் ஒரு நெடிலும் இரண்டு குறிலும் கேட்டால் திரைச் சுற்றில் பிழை. விடாமல் அடித்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் நினைவகத்தில் பிழை. நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் மெல்லத் துடைத்து, தூசி தட்டி மீண்டும் அழுத்திப் பொருத்தினால் பல வேளைகளில் சரியாகிவிடும். பற்களில் படிந்த அழுக்குப் படலம் தடையை மிகுவிப்பதே காரணம்.

ஒலியும் இல்லை, ஒளியும் இல்லை, விசிறி மட்டும் சுழல்கிறது எனில் பிராசசரைச் சுற்றி நிற்கும் உருளை வடிவ மின்தேக்கிகளைக் காண்க. மின்வழங்கி தரும் 12 வோல்ட்டைப் பிராசசருக்கு வேண்டிய ஒன்றரை வோல்ட் அளவுக்குக் குறைக்கும் சுற்றில் இவை உள்ளன. உள்ளேயுள்ள மின்பகுதிரவம் கெட்டு வாயு உண்டானால் தட்டையான தலைப்பகுதி உப்பும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தரம் குறைந்த மின்தேக்கிகள் உலகெங்கும் ஏராளமான தாய்ப்பலகைகளில் இடம்பெற்று இவ்வாறு பழுதாயின. கைதேர்ந்தவர் பற்றவைத்து மாற்றித் தர இயலும்.

பயாஸ் உண்மையாகவே கெடுவது எப்போது?

1990-களின் நடுவிலிருந்து பயாஸ் எழுதப்படுவது ஃபிளாஷ் சில்லில். இதனை மின்சாரத்தாலேயே அழித்து மீண்டும் எழுதலாம். இவ்வசதியே அபாயமும் ஆயிற்று. 1998-இல் தைவானைச் சேர்ந்த சென் இங்-ஹாவ் என்ற மாணவர் எழுதிய சி.ஐ.எச். என்னும் வைரஸ், 1999 ஏப்ரல் 26 அன்று பல நாடுகளில் கணிப்பொறிகளைத் தாக்கியது. செர்னோபில் அணு உலை விபத்து 1986-இல் நிகழ்ந்ததும் அதே ஏப்ரல் 26 ஆதலால் 'செர்னோபில் வைரஸ்' என்றும் பெயர் பெற்றது. அது வன்தட்டின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, சில வகைத் தாய்ப்பலகைகளில் பயாஸையும் குப்பையாக மாற்றி எழுதியது. அங்கே காவலரே இல்லாமற்போனார். அப்பலகைகள் விழிக்கவே இல்லை.

இன்று இதே விபத்தை நாமே வரவழைத்துக்கொள்கிறோம். பயாஸைப் புதுப்பிக்கும்போது பழையது அழிந்து புதியது எழுதப்படும் அந்த ஓரிரு நிமிடத்தில் மின்சாரம் நின்றால் சில்லில் பாதி ஆணைத்தொடரே இருக்கும். வேறு மாதிரிப் பலகைக்கு உரியதை எழுதினாலும் இதே கதி. ஆகவே தக்க காரணமின்றிப் புதுப்பிக்க வேண்டா. புதுப்பித்தே தீர வேண்டுமெனில் பலகையின் மாதிரி எண்ணை எழுத்துக்கு எழுத்துச் சரிபார்த்து, யு.பி.எஸ். துணையுடன் செய்க. அப்படியும் கெட்டுவிட்டால், புரோகிராமர் என்னும் சிறு கருவி கொண்டு சில்லில் மீண்டும் எழுதலாம். அப்போதும் பலகையை எறிய வேண்டியதில்லை.

ஆறில் எத்தனை?

நண்பரின் ஆறு கணிப்பொறிகளுக்கு வருவோம். நான்கில் மின்கலம் இறங்கியிருந்தது. அவற்றுள் இரண்டில் வன்தட்டு முறையையும் திருத்த வேண்டியிருந்தது. ஐந்தாவது, ரப்பரால் துடைத்தவுடன் உயிர் பெற்றது. ஆறாவதில் மூன்று மின்தேக்கிகள் உப்பியிருந்தன. அதைப் பழுதுபார்க்க அனுப்பினோம். பயாஸ் கெட்டது ஒன்றுகூட இல்லை.

வேலையில் பாதியைச் செய்தவர்கள் பிள்ளைகளே. ஒரு மாணவி மல்டிமீட்டரைப் பிடித்து, "சார், இது 1.9 தான் காட்டுகிறது" என்றாள். மின்னழுத்தம் என்ற பாடத்தை அவள் இனி மறக்க மாட்டாள்.

புதிய கணிப்பொறிகளில் பயாஸின் இடத்தை யூ.இ.எஃப்.ஐ. என்னும் புதிய அமைப்பு பிடித்துவிட்டது. ஆயினும் நாணய மின்கலமும், குவார்ட்ஸ் படிகமும், தற்சோதனையும் அவற்றிலும் உள்ளன. நோயை அறியும் வரிசையும் அதுவே: முதலில் மின்சாரம், பிறகு மின்கலம், பிறகு குறிப்புகள், பிறகு தொடர்புகள், கடைசியாகவே சில்லு. மலிவான காரணத்தை முதலில் ஐயுறுக. விலை மிக்க காரணத்தை இறுதியில் நம்புக. அடுத்த கோடை விடுமுறைக்குப் பள்ளியைப் பூட்டும் முன், பத்து நாணய மின்கலங்களை வாங்கி வைக்கும்படி நண்பரிடம் சொல்லியிருக்கிறேன்.