வேட்டைக்குப் பின் தொடங்கும் வேலை



உயிர் பிரிந்தவுடன் விலங்கின் உடலில் எல்லாத் தொழில்களும் நின்றுவிடுகின்றன என்றே நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. அதன் பின்னும் தசைகள் பல நாள்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அம்மாற்றத்தை நெறிப்படுத்தினால் நல்லுணவு கிடைக்கும். தவறினால் இறைச்சி கெட்டொழியும்.

ஸ்காட்லாந்தின் மலைநாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே செம்மான்கள் மிகுதி. அவற்றை அடக்கிவந்த ஓநாய்கள் நெடுங்காலத்துக்கு முன்பே அழிந்துபோயின. ஆதலின், மான்கள் அளவுமீறிப் பெருகி இளமரங்களை அழிக்காதவாறு, சட்டத்துக்கு உட்பட்டு ஆண்டுதோறும் ஒரு பகுதியைச் சுடுகின்றனர்.

வேட்டையாளர் காற்றுக்கு எதிராகத் தவழ்ந்து சென்று, மான் அறியாவண்ணம் ஒரே குண்டில் வீழ்த்த முயல்வார். இதில் இரக்கமும் உண்டு, வேதியியலும் உண்டு. தசைகளில் கிளைக்கோஜன் என்னும் பொருள் சேமிக்கப்பட்டுள்ளது. இறந்தபின் அது லாக்டிக் அமிலமாக மாறிக் கிருமிகளின் பெருக்கத்தைத் தாமதப்படுத்தும். வெகுதூரம் துரத்தப்பட்ட மானோ அச்சேமிப்பை ஓட்டத்திலேயே செலவழித்துவிடுகிறது. அமிலம் போதாமையால் அதன் இறைச்சி கறுத்து, பிசுபிசுத்து, விரைவில் கெடும். விலங்கின் இறுதி நேரத் துன்பம் அதன் தசையில் பதிந்துவிடுகிறது அன்றோ!

குடலில் வாழும் கிருமிகள் தசைக்குப் பரவாதிருக்கவும், உடற்சூடு வெளியேறவும், காலந்தாழ்த்தாமல் வயிற்றைத் திறந்து, இரைப்பையையும் குடலையும் கிழியாமல் அகற்றுவர். ஈரலும் நுரையீரலும் நோயற்றவையா என்று கூர்ந்து நோக்குவர்.

பின்னர் உடலை ஈ புகாத குளிர் அறையில் தொங்கவிடுவர். தரையில் கிடத்தினால் என்ன? அடிப்பக்கத்தில் வெப்பமும் ஈரமும் தங்கும்; கிருமிகளுக்கு அவையே துணை. தொங்கும் உடலைச் சுற்றிலும் காற்று உலவும், சூடு தணியும், மேற்புறம் உலரும். உடலின் வெப்பநிலை 7 பாகை செல்சியஸுக்கு மேற்படாதவாறு குளிர்விக்க வேண்டும் என்பது விதி.

முதலில் தசைகள் மரம்போல் விறைக்கும். ஓரிரு நாள்களில் அவ்விறைப்புத் தளரும். பிறகு தசையிலேயே உள்ள நொதிகள் நார்களைச் சிறிது சிறிதாகச் சிதைத்து மென்மையாக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் இறைச்சி பதமாகும். குளிர் குறைந்தாலோ நாள் மிகுந்தாலோ, பதம் அழுகலாகிவிடும்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, வேட்டையைத் தடுத்துள்ளது. எனவே, இது செய்து பார்ப்பதற்கன்று, அறிந்துகொள்வதற்கே. ஆயினும் நம் ஊர்ச் சந்தை ஆட்டின் தசைக்கும் இயற்கை விதி ஒன்றே. அமைதியாகக் கொல்லப்படாத, வெயிலில் கிடந்த இறைச்சி எங்கும் கெடும்.

உணவுக்காக ஓர் உயிரைப் போக்கியவர், அதனைத் துன்புறுத்தாமலும் அதன் உடலை வீணாக்காமலும் இருக்கக் கடமைப்பட்டவர். இங்கே அறம் கூறுவதும் அறிவியல் கூறுவதும் ஒன்றே.