பாலைப்பழக் காலமும் காட்டுக் கரடியும்

அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த நாட்காட்டியில் கோலாவின் படத்தைக் கண்ட ஒரு தாய், "இந்தக் கரடி எங்கட காட்டிலயும் இருக்கோ பிள்ளை?" என்று எமது பெண்கள் சங்கக் கூட்டத்தில் கேட்டார். இல்லை. கோலா கரடியே அல்ல. கங்காருவைப் போலக் குட்டியைப் பையில் சுமக்கும் பிராணி. அவுஸ்திரேலியாவின் கிழக்கிலும் தென்கிழக்கிலும் யூக்கலிப்டஸ் இலையைத் தின்று, நாளின் பெரும்பகுதியை உறங்கியே கழிக்கின்றது.

எமது காட்டில் இருப்பதோ அசல் கரடி. இலங்கையில் அது உலர்வலயத் தாழ்நிலக் காடுகளில் மாத்திரமே வாழ்கின்றது. யால, வில்பத்து என்று பெயர் சொல்லுவார்கள். ஆனால் மடு, வவுனியா, முல்லைத்தீவுக் காடுகளும் அதன் வீடுதான். நாடு முழுவதிலும் 1000 கரடிகள்கூட இராது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

கறையான், எறும்பு, தேன், வீரைப்பழம் எல்லாம் தின்னும். பாலைப்பழம் என்றால் அதற்கு உயிர், மரத்திலேயே ஏறிவிடும். பழம் பழுக்கும் வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில்தான் எமது சகோதரிகளும் வாளியோடு காட்டுக்குப் போகின்றார்கள். ஏ-9 வீதியோரம் விற்கும் அந்தப் பழக்காசில்தான் பல வீடுகளில் பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்து வாங்கப்படுகின்றது. 'போகாதீர்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கரடிக்கு மோப்பம் அதிகம், கண்பார்வை குறைவு. தின்னும் கவனத்தில் நாங்கள் கிட்டப் போகும்வரை அறியாது. திடீரெனக் கண்டதும் மிரண்டு பாயும். தாய்க் கரடி குட்டிகளை முதுகில் சுமந்து திரியும் காலமென்றால் சொல்லவே தேவையில்லை. முகத்தையும் தலையையுமே அது பிறாண்டும்.

ஆகவே தனியே போகாமல் நாலைந்து பேராகச் சேர்ந்து, சத்தமாகக் கதைத்துக்கொண்டு போங்கள். விடியப்புறத்தையும் பொழுதுபடும் நேரத்தையும் தவிருங்கள். மரத்தடிக்குப் போகுமுன் மேலேயும் பாருங்கள். புதிதாகக் கிளறிய கறையான் புற்றைக் கண்டால் வேறு பக்கம் திரும்புங்கள். எதிர்ப்பட்டால் ஓடாமல் மெல்லப் பின்வாங்குங்கள். பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, கைகளால் பிடரியை மூடி முகத்தை மறையுங்கள். மிதிவெடிப் பலகை உள்ள இடத்துக்குள் எந்தப் பழத்துக்காகவும் கால் வைக்க வேண்டாம்.

இன்னொன்று. சிலர் கொப்புகளை வெட்டி விழுத்திப் பழம் பிடுங்குகின்றார்கள். பாலை மிக மெதுவாக வளரும் மரம். வெட்டிய கொப்பில் அடுத்த வருடம் கரடிக்கும் பழமில்லை, எங்களுக்கும் இல்லை. கரடி சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு என்பதால் அதற்குப் பொறி வைப்பதும் குற்றம்.

யாரேனும் காயப்பட்டால், சிறு கீறலென்றாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். நட்டஈடு பற்றி வனஜீவராசிகள் திணைக்களத்திடம் கேட்கலாம். கிராம அலுவலருக்கும் பொலிஸுக்கும் அன்றைக்கே அறிவித்து, வைத்தியசாலைத் துண்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.