80 வோல்ட் கொல்லுமா?

வெல்டிங் பட்டறையில், "இது 80 வோல்ட்தானே, என்ன செய்துவிடும்?" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வியர்வையில் நனைந்த உடலின் மின்தடை சுமார் 1000 ஓம். ஓம் விதிப்படி உடலில் பாய்வது 0.08 ஆம்பியர். இதயத் துடிப்பைச் சீர்குலைக்க இதுவே போதும்!

மின்வில் எரியும்போது மின்னழுத்தம் 20 முதல் 30 வோல்ட்டுதான். வில் அணைந்ததும் அது 80 வரை ஏறிவிடுகிறது. ஆகவே ராடு மாற்றும் நேரமே ஆபத்தான நேரம். கையுறை உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்தரையில் நிற்கக் கூடாது.

மின்மாற்றியின் முதன்மைச் சுருளில் காப்பு பழுதானால் அதன் உலோக உறைக்கே மின்சாரம் வந்துவிடும். உறையைத் தடித்த கம்பியால் எர்த் செய்திருந்தால் பெருமின்னோட்டம் நிலத்துக்குப் பாய்ந்து ஃபியூஸ் உருகும், ஆள் பிழைப்பார்.

திரும்பு கம்பியின் கவ்வியை, வெல்டிங் செய்யும் பொருளிலேயே, சுரண்டித் துருநீக்கிய இடத்தில் இறுகப் பொருத்துங்கள். கவ்வி தளர்ந்தால் 100 ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் வேறு வழி தேடும். எர்த் கம்பி வழியே பாய்ந்து அதையே எரித்துவிடவும் கூடும். பிறகு உறையில் கசிவு ஏற்பட்டால் காப்பாற்ற எதுவும் இராது. ஆகவே நாள்தோறும் வேலை தொடங்குமுன், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எர்த் கம்பியையும் கவ்வியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.