வீட்டு வேலைக்கு மின் ரம்பம்: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது



நமது டிரஸ்டுக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் விண்ணப்பங்களில் ஒன்றைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. பெயர் வேண்டாம். இளவயதுச் சகோதரர், தச்சுத் தொழில் தெரியாதவர். சமையலறையில் அலமாரித் தட்டு வைக்கப் பிளைவுட் அறுத்திருக்கிறார். பக்கத்து வீட்டில் டைல்ஸ் வேலைக்கு வந்தவர்களிடம் மார்பிள் கட்டரை இரவல் வாங்கி, அதில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டியிருக்கிறார். மிஷின் பின்னால் எகிறி இடது கையில் இறங்கிவிட்டது. ஒரு விரல் போனது, இன்னொன்று மடங்கவில்லை. "ஆசாரிக்குக் குடுக்கிற ஒருநாள் கூலி மிச்சம்னு நெனச்சேன் பாய்" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் நானும் அதே மாதிரி மிஷினில் அதே மாதிரி பிளேடைப் போட்டு மரம் அறுத்தவன்தான். அல்லாஹ் காப்பாற்றினான், அவ்வளவுதான்.

இப்போது ஆன்லைனில் எல்லாம் வீட்டுக்கே வந்துவிடுகிறது. 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அதன்பின் நம் மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் கதவு ஊதிப்போனது, அலமாரி அடிப்பலகை பிய்ந்தது! ஆசாரி கிடைக்கவில்லை. நாமே அறுத்துக்கொள்ளலாமே என்று தோன்றுவது இயல்பு. தவறும் இல்லை. ஆனால் எந்த மிஷினால் அறுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மார்பிள் கட்டர் கல்லுக்கும் டைல்ஸுக்கும் செய்தது. அதன் வைர பிளேடுக்குப் பல் கிடையாது, தேய்த்துத் தேய்த்துத்தான் வெட்டும். அதனால் நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடும்படி செய்திருக்கிறார்கள். மரத்துக்கென்று செய்த 7 அங்குல வட்ட ரம்பம் ஏறக்குறைய 5,000 சுற்றுதான் ஓடும். அதில் பிளேடின் கீழ்ப்பாதியை ஸ்பிரிங் வைத்த ஒரு மூடி காக்கும். மரத்தில் நுழையும்போது விலகி, வெளியே வந்ததும் தானாக மூடிக்கொள்ளும். மார்பிள் கட்டரில் அந்தக் கீழ்மூடி இல்லை. சுவிட்சை விட்ட பிறகும் பிளேடு சில விநாடி திறந்தபடியே சுற்றும். கிரைண்டர் என்று நாம் சொல்லும் கட்டிங் மிஷின் இன்னும் மோசம், அதற்குத் தாங்கித் தள்ள அடித்தட்டுகூடக் கிடையாது. அதில் பல் பிளேடு மாட்டக்கூடாது என்று கம்பெனிக்காரர்களே கூட வரும் புத்தகத்தில் அச்சடித்திருக்கிறார்கள். நாம்தான் பெட்டியைத் திறந்ததும் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடுகிறோமே. கடையில் "இதிலேயே மரமும் அறுக்கலாம் பாய், பிளேடு மாத்தினா போதும்" என்பார்கள். கேட்காதீர்கள்.

மிஷின் ஏன் எகிறுகிறது? ஒரு பலகையின் இரண்டு முனைகளையும் இரண்டு ஸ்டூலில் வைத்து நடுவில் அறுப்பதாக வைத்துக்கொள்வோம். பாதி தாண்டியதும் பலகை நடுவில் தொய்யும். அறுத்த வாய் மேல்பக்கம் நெருங்கிப் பிளேடை இறுக்கிப் பிடிக்கும். சுற்றும் பிளேடு நிற்காது. பின்பக்கப் பற்கள் மரத்தைக் கவ்வி மேலே ஏற, மொத்த மிஷினும் நம்மை நோக்கிப் பாயும். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது, கையை இழுத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் கற்பனை. மழையில் ஊறிய மரமும் முறுக்கிய பலகையும் இதே வேலையைச் செய்யும்.

எனவே அறுபட்டு விழவேண்டிய துண்டு கீழே தாராளமாக விழட்டும், மீதிப் பலகை மேசையில் கிளாம்ப் போட்டு நிற்கட்டும். பெரிய பிளைவுட் என்றால் தரையில் நாலைந்து ரீப்பர் கட்டைகளைப் பரப்பி அதன்மேல் போட்டு அறுங்கள், இரண்டு பக்கமும் தாங்கல் கிடைக்கும். பிளேடு பலகைக்குக் கீழே கால் அங்குலம் நீட்டினால் போதும். அறுக்கும் கோட்டுக்கு நேர்பின்னால் நிற்காமல் ஒருபக்கமாக நில்லுங்கள். சிக்கிக்கொண்டால் சுவிட்சை விட்டு, பிளேடு நின்ற பிறகு எடுங்கள். ஓடும்போதே பின்னுக்கு இழுக்காதீர்கள்.

சரி, எதை வாங்குவது? வீட்டுக்கு ஒன்றே ஒன்று என்றால் ஜிக்சா வாங்குங்கள் என்பேன். தையல் மிஷின் ஊசி மாதிரி மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும். உவமைக்குச் சொல்லவில்லை. 1946இல் சுவிட்சர்லாந்தில் சின்டில்லா என்ற கம்பெனியின் இன்ஜினியர் ஆல்பர்ட் காஃப்மன், மனைவியின் தையல் மிஷினில் ஊசிக்குப் பதில் ரம்பப் பிளேடை மாட்டித்தான் இதைக் கண்டுபிடித்தார். ஜிக்சாவும் விரலை வெட்டும், ஆனால் வட்ட ரம்பம்போல ஆள்மேல் பாயாது. ஸ்விட்ச் போர்டுக்குத் துளை, சிங்க்குக்கு வளைவு, பிவிசி பைப், மெல்லிய அலுமினியம் என்று பிளேடை மாற்றினால் எல்லாம் நடக்கும். வேகம் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கிறதா, டி வடிவக் கொண்டி உள்ள பிளேடு ஏறுமா என்று பாருங்கள். அந்தப் பிளேடுதான் விழுப்புரம் ஹார்டுவேர் கடைகளில் சுலபமாகக் கிடைக்கிறது. நேர்கோடு மட்டும் ஜிக்சாவில் கொஞ்சம் கோணும். நேரான ஒரு கட்டையைக் கிளாம்ப் போட்டு அதை ஒட்டி ஓட்டினால் சமாளிக்கலாம். பிளேடு மேலிழுக்கும்போது வெட்டுவதால் மைக்கா சிதறும், நல்ல முகத்தைக் கீழே வைத்து அறுங்கள்.

கதவு, கட்டில், நீளப் பலகை என்று வேலை நிறைய இருப்பவர்கள் 7 அங்குல வட்ட ரம்பம் வாங்கலாம். இதற்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் கரும்பு வெட்டுகிறவர்கள் படும் பாட்டைப் பார்த்து எட்மண்ட் மிஷெல் என்பவர் அரிவாளில் மோட்டார் வைக்கப் புறப்பட்டு, கடைசியில் 1924 வாக்கில் மரம் அறுக்கும் கைமிஷினில் போய் முடித்தார். முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் நம் பகுதி ஆட்கள் இன்னும் கையால்தான் வெட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம். கார்பைடு முனை வைத்த பிளேடாக வாங்குங்கள். மரத்தை நீளவாக்கில் பிளக்க 24 பல், பிளைவுட்டுக்கு 40 முதல் 60 பல். பிளேடில் போட்டிருக்கும் சுற்று எண்ணிக்கை மிஷினின் சுற்றைவிட அதிகமாக இருக்கவேண்டும். கீழ்மூடியைக் கம்பியால் கட்டிவைத்த பழைய மிஷினை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வளைகுடாவிலிருந்து வரும் பிள்ளைகள் மிஷின் கொண்டுவருவது உண்டு. சவூதியிலிருந்து வருவதில் சில 110 வோல்ட்டுக்கானவை. நம் 230 வோல்ட் லைனில் போட்டால் புகைந்துவிடும். தகட்டில் எழுதியிருப்பதைப் படித்த பிறகே பிளக்கைச் செருகுங்கள்.

மழையில் ஊதிய கதவுக்கு மிஷினே வேண்டாம். நன்றாகக் காயவிட்டு, அப்போதும் உரசினால் இழைப்புளியால் நாலு இழை இழைத்தால் தீர்ந்தது. ஈரத்தோடு அறுத்தவர்கள் கோடையில் அடியில் இடைவெளி விழுந்து பல்லி, பூரானை வரவேற்கிறார்கள். பழைய நிலைக்கட்டை, ஜன்னல் கட்டை அறுப்பதானால் முதலில் ஆணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

உடுப்பு விஷயத்தில் நம் ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். கைலியோடு மிஷின் பிடிக்காதீர்கள். என் கைலி நுனியைத்தான் அன்று மிஷின் சுருட்டியது. பேன்ட் போடுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், தொளதொளத்த கையுறை வேண்டாம். கொரோனா காலத்து என்95 மாஸ்க் மிச்சம் இருந்தால் இதற்கு எடுங்கள். மரத்தூளைப் புற்றுநோய் தருவதாக உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. பிளேடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்குங்கள், பேட்டரி மிஷின் என்றால் பேட்டரியைக் கழற்றுங்கள். பிள்ளைகளை அறைக்கு வெளியே அனுப்பிவிடுங்கள். மஃரிப் பாங்குக்குள் முடிக்கவேண்டும் என்ற அவசரத்திலும் அறுக்காதீர்கள், மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அல்லாஹ் பாதுகாக்கட்டும், விரல் துண்டாகிவிட்டால் வீட்டுப் பெண்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். காயத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்திவையுங்கள். காபித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது, பட்டால் தசை கெட்டு ஒட்டவைக்க முடியாமல் போகும். 108ஐக் கூப்பிட்டு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். மேல் சிகிச்சைக்கு எங்கே அனுப்புவது என்று அங்கே சொல்வார்கள். சென்னை ஸ்டான்லியில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித்துறை இருக்கிறது. அந்தச் சகோதரர் வீட்டில் பதற்றத்தில் விரலை எடுக்காமலே கிளம்பியிருக்கிறார்கள், பாதி வழியில்தான் நினைவு வந்திருக்கிறது.

வருடத்துக்கு ஒருமுறை அறுப்பதற்கு வீட்டுக்கு வீடு மிஷின் எதற்கு என்பது என் எண்ணம். டிரஸ்டில் நாற்காலி, தேக்சா, சக்கர நாற்காலி இரவல் தருவதுபோல ஒரு ஜிக்சா, நாலு கிளாம்ப், ஒரு கண்ணாடி வைக்கலாம் என்று நினைக்கிறோம். உபயோகிக்காமல் வீட்டில் நல்ல நிலையில் வைத்திருப்பவர்கள் ஜும்ஆவுக்குப் பிறகு என்னிடம் சொல்லுங்கள். மார்பிள் கட்டர் வாங்கிக்கொள்ள மாட்டோம்.